மருந்து கட்டின கிணறு

ஆலங்கரைப்பட்டியில் கிணறு இரண்டு. இரண்டையும் வெட்டியது கீழத்தெருக்காரர்கள்தான். மேலத்தெருக் கிணற்றில் ஊற்றுக்கண் திறந்த அன்றைக்கே, "போதும், மேல ஏறுங்கடா" என்று சொல்லி, அவர்கள் நின்ற இடமெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்து, இனிமேல் குடத்தோடு இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிணற்றுக்குக் கருங்கல்லில் இடுப்பளவு சுற்றுச்சுவர், நாலு உருளை, வேப்பமர நிழல். கீழத்தெருக் கிணறு சரிவில் கிடந்தது. சுவரும் கிடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது. தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மழை பெய்தால் மேலத்தெருவில் ஓடுகிற தண்ணீரெல்லாம், ஆட்டுப்புழுக்கை சாணியோடு, விருந்தாளி மாதிரி நேரே அதற்குள்தான் வந்து இறங்கும். இதை அநியாயம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஊர் அப்படித்தான் என்றார்கள்.

ராமக்காளுக்கும் அந்தக் கிணற்றைப் பற்றிப் பெரிய வருத்தம் இருந்ததில்லை, அந்தச் சித்திரை வரைக்கும். முப்பத்தெட்டு வயசுக்காரி. புருஷன் வரப்பில் பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். நாட்டாமை விருமாண்டியின் வயலில் நடவும் களையெடுப்பும் செய்து, ஒற்றைப் பெண் சின்னத்தாயை வளர்த்து, மதுரை கோரிப்பாளையத்தில் மரக்கடையில் சுமை தூக்குகிற மருதுவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். சின்னத்தாய்க்கு இப்போது ஏழாம் மாதம். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஏழு வகைச் சோறு ஆக்கிக் கொண்டுபோகப் புளியும் எள்ளும்கூடச் சேர்த்துவைத்துவிட்டாள். மகளைக் கூட்டிவந்து, நல்லபடியாகப் பெற்றெடுக்கவைத்து, தாயும் பிள்ளையுமாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்குப் போனது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள், அதிலேயே குளித்தார்கள், நீர்மோரும் பானக்கமும் யார் கொடுத்தாலும் வாங்கிக் குடித்தார்கள். திரும்பி வந்த எட்டாம் நாள் கீழத்தெருவில் ஒருத்தனுக்கு வாந்திபேதி. காலையில் களத்துக்குப் போனவன் சாயங்காலம் மண்ணுக்குப் போனான். நாலு நாளில் மூன்று பேர். மேலத்தெருவுக்குத் தெரியாமல் இல்லை. குழி வெட்ட ஆள் போவது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனால் மூன்று பேர் செத்தும் போகாத கடுதாசி, ஐந்தாம் நாள் மேலத்தெருவில் ஒரே ஒரு ஆள் படுத்ததும் சர்க்காருக்குப் பறந்தது.

சைக்கிளில் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். காதர்சா என்று பேர். ஒல்லியான மனுஷர், காக்கிச் சட்டை முதுகில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. சைக்கிளுக்குப் பின்னால் தகர டின் ஒன்று. முப்பத்தேழு ஊருக்கு அவர் ஒருத்தர்தான். மேலத்தெருக் கிணற்றடியில் டின்னைத் திறந்ததும் மூக்கைப் பிய்க்கிற வாடை கிளம்பியது. நின்றவர்கள் நாலு எட்டு பின்னால் போனார்கள்.

"இதையா கிணத்துல போடப் போறீக?" என்றார் விருமாண்டி. நல்ல உயரம், குரலும் அதற்குத் தக்க கனம். "மோந்தாலே கண்ணு எரியுது. வயித்துக்குள்ள போனா கொடலு வெந்துராதா?"

"வேகாது நாட்டாமை. பேதிக் கிருமியைத்தான் கொல்லும். நான் தினமும் குடிக்கிறேன்."

"நீங்க சர்க்கார் ஆளு. உங்க கொடலு வேற."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் விருமாண்டிக்கு யோசனை வந்தது. "ஒண்ணு செய்வோம். மொதல்ல கீழத்தெருக் கிணத்துல போடுங்க. மூணு நாளு பாப்போம். அவுகளுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நம்ம கிணத்துல போட்டுக்கலாம்."

காதர்சா முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னும் நாலு ஊர் பாக்கி. ஏதோ ஒரு கிணற்றிலாவது மருந்து விழட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். "சரி" என்றார்.

எலிப்பொறியில் மசால்வடை வைப்பது மாதிரி கீழத்தெருவுக்கு மருந்து வந்து சேர்ந்தது இப்படித்தான். சனங்களின் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. செத்தால் இவர்கள் முதலில் சாகட்டும் என்றுதான் நினைத்தார்கள். அதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்? அதுதான் நடந்தது.

காதர்சா வாளியில் பவுடரைக் கரைத்தார். கரைசல் வெள்ளை வெளேரென்று இருந்தது. கரையாத கப்பி அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே தெளிந்ததை வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தடவை இழுத்துவிட்டார். கீழத்தெருவே சுற்றி நின்று பார்த்தது. பிறகு அவர் நாட்டாமையைத் தேடிப்போய் மிச்ச டின்னைக் கொடுத்தார். "ரெண்டு கிணத்துக்கும் சேத்து ஒரு மாசத்துக்கு இது காணும். மூணு நாளைக்கு ஒரு தடவை மறக்காமப் போடணும். வெயில்ல மருந்து செத்துப்போகும். அப்புறம் வெறும் தண்ணிதான்." விருமாண்டி தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். இந்தப் பேச்சு மேலத்தெருப் புளியமரத்தடியில் நடந்தது. கீழத்தெருவில் ஒரு காதிலும் விழவில்லை. விழுகிற தூரத்தில் நிற்க அவர்களுக்கு வழியும் இல்லை.

கிணற்றடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒருத்தியும் கயிற்றைத் தொடவில்லை.

"நம்மளை வச்சுச் சோதிக்கிறாக" என்றாள் முனியாயி. ராமக்காளின் பக்கத்து வீட்டுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தித் தலைய ஆட்டுதான்னு பாப்பாகள்ல, அது மாதிரி."

ராமக்காள் வாளியை இறக்கினாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் மூன்று குழி கண் முன்னால் இருந்தது, சின்னத்தாயின் வயிறும் கண் முன்னால் இருந்தது. மகளை இங்கே கூட்டிவந்தால் எந்தத் தண்ணீரைக் கொடுப்பது? இந்தக் கிணறு ஒன்றுதான். அது கொல்லுமா காக்குமா என்று யாராவது குடித்துப் பார்த்தால்தானே தெரியும். ஒரு செம்பு மொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"எப்படி இருக்கு?" என்று முனியாயி கேட்டாள்.

"சட்டி கழுவுன தண்ணி மாதிரி இருக்கு."

"உசுரு இருக்குல்ல?"

"இருக்குடி. நீயும் குடி."

அடுத்த மூன்று நாளும் வேடிக்கைதான். விடிந்ததும் நாட்டாமையின் ஆள் காளை வாய்க்கால் மேட்டில் வந்து நின்று கத்துவான். "ஏ ராமக்கா, இருக்கியா?"

"இருக்கேன் சாமி."

"வயிறு?"

"வயிறும் இருக்கு சாமி."

அவன் போய் நாட்டாமையிடம் சொல்லுவான். மூன்றாம் நாள் அவன் கேட்பதற்குள்ளே முனியாயி பதில் கொடுத்தாள்: "அவ ரெண்டு வேளை கஞ்சி குடிச்சா, வெங்காயம் கடிச்சா, எல்லாம் உள்ளதான் இருக்குன்னு சொல்லுங்க." நோவு வந்த பிறகு கீழத்தெரு அன்றைக்குத்தான் சிரித்தது.

அந்த மூன்று நாளில் கீழத்தெருவில் ஒருத்தரும் படுக்கவில்லை. மேலத்தெருவில் இரண்டு பேர் போனார்கள். அதில் ஒருத்தன் விருமாண்டியின் தம்பி மகன், இருபது வயசுப் பையன். நாலாம் நாள் காலையில் மேலத்தெருக்காரர்கள் டின்னைத் திறந்தார்கள். பயம் வந்தவனுக்கு அளவு தெரியாது. இன்ஸ்பெக்டர் ஒரு படி என்றால் இவர்கள் இரண்டு படி போட்டார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை என்றதைத் தினமும் என்று ஆக்கிக்கொண்டார்கள். மேலத்தெரு முழுக்க அந்த வாடைதான். கீழத்தெருவுக்கு என்று டின்னில் பாதி இருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சோதனைதான் முடிந்துவிட்டதே.

கீழத்தெருவும் போய்க் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு பலரும் ராமக்காளிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றினால்தானே? ஊருக்குக் கொள்ளைநோய் வந்தால் பூசாரி நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் புதைத்து எல்லை கட்டுவான். ஒரு தடவை கட்டினால் கட்டினதுதான். அவனே வந்து அவிழ்க்கிற வரைக்கும் அந்தக் கட்டு நிற்கும். சர்க்கார் மனுஷர் வந்து வாளியை இறக்கி, இழுத்து, வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டே செய்ததும் அவர்களுக்கு அதே மாதிரிதான் இருந்தது. "கிணறு கட்டியாச்சு" என்றார்கள். அதுவும் ராமக்காள் தன் வயிற்றைக் கொடுத்துச் சோதித்த கட்டு. ஆலங்கரைப்பட்டியில் முதல்முதலாக மேலத்தெருவுக்கு முந்தி கீழத்தெருவுக்கு ஒன்று வாய்த்திருந்தது. அந்தப் பெருமையில் அவள் நடையே கொஞ்சம் மாறிப்போனது.

ஐந்தாம் நாள் புளிச்சோறும் எள்ளுச்சோறும் கட்டிக்கொண்டு கோரிப்பாளையத்துக்குப் போனாள். திருப்பரங்குன்றம் வரைக்கும் நடை, அங்கிருந்து ரயில், பிறகு பாலம் தாண்டி நடை. பாலத்தின் மேலிருந்து பார்த்தபோது ஆற்று மணலில் அங்கங்கே புகைந்துகொண்டிருந்தது. எதை எரிக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. தர்கா முக்கைத் தாண்டிச் சந்துக்குள் மருதுவின் குடிசை. சின்னத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"கூட்டிட்டுப் போறேன் மாப்ள" என்றாள் ராமக்காள், சோற்றுப் பாத்திரத்தை இறக்குவதற்கு முன்பே.

மருது தலையைச் சொறிந்தான். அதிர்ந்து பேசத் தெரியாத பையன். "இப்ப வேணாம் அத்தை. இங்க குழாத்தண்ணி வருது. கடைசியாத்தான் நம்மளை விடுவாக, ஆனாலும் வந்துருது. இந்தச் சந்துல இன்னும் யாருக்கும் ஒண்ணுமில்ல. நோவு அடங்கட்டும், நானே கொண்டாந்து விடுறேன்."

"பாலத்துக்கிட்ட எரியிறது என்ன மாப்ள?"

அவன் சோற்றுப் பாத்திரத்தை வாங்கி உள்ளே வைத்தான்.

"எங்க ஊருக் கிணறு கட்டியிருக்கு. சர்க்கார் மருந்து. நானே மொதல்ல குடிச்சுப் பாத்தேன். கீழத்தெருவுல ஒரு பொடிப் பிள்ளைக்குக்கூட வயித்துவலி கெடையாது. இந்தக் குழாயில யாரு மருந்து கட்டுனா? உனக்குத் தெரியுமா?"

மருதுவுக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய தொட்டி இருக்கிறது, அதில் என்னவோ செய்து விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு மாமியாரோடு வழக்காட முடியாது. சின்னத்தாயைப் பார்த்தான்.

"நான் அம்மாகூடப் போறேனே" என்றாள் அவள். தலைச்சூல்காரி, தாய் வந்து நிற்கும்போது வேறு என்ன சொல்லுவாள்?

கிளம்பும்போது மருது ஒரு மண்குடத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து, வாயைத் துணியால் கட்டி எடுத்துவந்தான். "ரெண்டு நாளைக்காச்சும் இதக் குடிக்கட்டும் அத்தை."

ராமக்காளுக்குச் சிரிப்பு வந்தது. "கெணறே இருக்கு, குடத்தக் குடுக்குற. வச்சுக்க மாப்ள, நீ குடி" என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஊருக்குத் திரும்புகையில் திருப்பரங்குன்றத்திலிருந்து கப்பலூர்ப் பக்கம் போகிற மாட்டுவண்டியில் இடம் கிடைத்தது. அடுத்த ஐந்தாறு நாளும் ராமக்காளுக்குத் தரையில் கால் பாவவில்லை. மகளுக்குத் தலை வாரிவிட்டாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள், முதுகுக்கு வெந்நீர் ஊற்றினாள். முனியாயியின் மருமகளும் அப்போது நாலு மாதம். இரண்டு பெண்களும் வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை வைத்துத் தாயம் ஆடினார்கள்.

ஒருநாள் தண்ணீர் சேந்தும்போது ராமக்காள் குடத்தை மோந்து பார்த்தாள். வாடை இல்லை. நாக்கில் விட்டுப் பார்த்தாள், பழைய ருசி.

"மருந்து வாடையே காணாமே" என்றாள் முனியாயி.

"ஊறிருச்சுடி. ஊறுகாய் போட்ட அன்னைக்கு உப்புத் தனியாத் தெரியும். பத்து நாள் கழிச்சுத் தெரியுதா? காய்க்குள்ள எறங்கிரும்ல. அது மாதிரி தண்ணிக்குள்ள எறங்கிருச்சு."

முனியாயிக்கு அது சரியாகத்தான் பட்டது. கேட்ட எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. வாடை போனதில் எல்லோருக்கும் சந்தோஷம், சின்னத்தாய்க்கு இன்னும் அதிகம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்த புதிதில் அந்த நாற்றம் ஆகவில்லை. இப்போது ஒரு செம்பு கூடுதலாகவே குடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் கோடைமழை பெய்தது. அரை நாழிகைதான், ஆனால் அடித்து ஊற்றியது. நோயாளிகள் கிடந்த பாயையும் துணியையும் மேலத்தெருக்காரர்கள் வாய்க்கால் மேட்டில்தான் அலசியிருந்தார்கள். அந்த மேட்டைக் கழுவிக்கொண்டு தண்ணீர் சரிவில் இறங்கி, என்றைக்கும் போல, கிணற்றுக்குள் போய் விழுந்தது. சின்னத்தாய் கூரையடியில் நின்று மழையில் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் கிழவன் பேயாண்டி படுத்தான். உச்சிக்குள் முடிந்துவிட்டது. வயசாளி, பழஞ்சோறு சேரவில்லை என்றார்கள். அதற்கடுத்த நாள் விடிகாலையில் சின்னத்தாய் எழுந்து வெளியே போனாள். போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். உட்கார்வதற்குள் வாந்தி.

ராமக்காள் கஞ்சித்தண்ணீர் கொடுத்தாள், வெளியே வந்தது. சுக்குத் தட்டிக் கொடுத்தாள், அதுவும் வந்தது. ஒரு நாழிகைக்கு ஒரு தடவை என்றிருந்தது வரவரக் கணக்கில்லாமல் போனது. வண்டிக்காரன் ஒருத்தன் மதுரைக்குப் போகிறான் என்று முனியாயி ஓடிப்போய் மருதுவுக்குச் சொல்லி அனுப்பினாள். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு சின்னத்தாய் அலறியபோது ராமக்காள் உருவிவிட்டாள். கை வைத்த இடம் சில்லென்று இருந்தது. கண் உள்ளே போய்விட்டது.

"தண்ணி குடும்மா" என்றாள் சின்னத்தாய். "தண்ணி, தண்ணி" என்று அதையே சொன்னாள்.

ராமக்காள் குடத்தைப் பார்த்தாள். அப்போதுதான் முதல்முறையாக அந்தத் தண்ணீரின் மேல் அவளுக்குப் பயம் வந்தது. வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருவுக்கு ஓடினாள். கிணற்றுக்கு இருபது எட்டுத் தள்ளி நின்று, உரலில் குத்திக்கொண்டிருந்த நாட்டாமை பெண்சாதி ஜெயக்கொடியைக் கூப்பிட்டாள். "ஆத்தா, ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. பிள்ளைக்குப் பேதி. ரெட்டை உசுரு ஆத்தா."

ஜெயக்கொடி நல்ல மனசுக்காரிதான். உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சேந்திவந்து, குடம் குடத்தில் படாமல் உயரத் தூக்கி ஊற்றினாள். தண்ணீர் விழுந்ததும் வாடை குப்பென்று ராமக்காளின் மூக்கில் ஏறியது. கண் எரிந்தது.

"இது என்ன ஆத்தா, இம்புட்டு வாடை?"

"மருந்து வாடைதான். தெனமும் போடுறாகல்ல."

"தெனமுமா?"

"மூணு நாளைக்கு ஒருக்காப் போட்டாப் போதும்னு அந்த சைக்கிள்காரர் சொல்லிட்டுப் போனாரு. இவுகதான் பயந்துக்கிட்டுத் தெனமும் கொட்டுறாக. ஏன், உங்க கிணத்துல போடலையா?"

ராமக்காள் விரலை மடக்கி எண்ணினாள். ஒரு தடவை போட்டு எத்தனை நாள்? மகளைக் கூட்டிவந்த அன்றைக்கே மருந்து செத்திருக்கிறது. செத்த மருந்தை ஊறிவிட்டது என்று சொன்ன வாய் தன் வாய்தான். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பாதித் தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது.

சின்னத்தாய் இரண்டு மடக்குக் குடித்தாள். அதுவும் நிற்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் பேச்சு நின்றது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தடவை புரண்டதை ராமக்காள் கையால் தொட்டுப் பார்த்தாள். அதற்கப்புறம் அதுவும் புரளவில்லை.

மறுநாள் காலையில் மருது வந்தான். விளக்கு வைத்த பிறகு சேதி கிடைத்து, ரயில் இல்லாமல் நடந்தே வந்திருக்கிறான். தலையில் மண்குடம், வாயைத் துணியால் கட்டியிருந்தது. குழாய்த் தண்ணீர். அவளுக்குக் குடிக்கக் கொடுக்கலாம் என்று பத்து மைல் சுமந்து வந்திருக்கிறான். வாசலில் கிடத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, குடத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். முனியாயிதான் வாங்கி இறக்கினாள். சின்னத்தாயைக் குளிப்பாட்ட அந்தத் தண்ணீரையே எடுத்தார்கள்.

ராமக்காள் அவன் காலடியில் போய் விழுந்தாள். "என்னைய அடி மாப்ள. நாந்தான் கூட்டியாந்தேன். நாந்தான் கூட்டியாந்து கொன்னேன்." அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வயிற்றில் பிள்ளையோடு போனவள் என்பதால் வழக்கப்படி பிள்ளையைத் தனியே எடுத்து, இரண்டையும் ஒரே குழியில் வைத்துவிட்டு வந்தார்கள். வரும்போது கீழத்தெருக் கிணற்றடியில் காதர்சாவின் சைக்கிள் நின்றது. முறைப்படி சுற்றிக்கொண்டு வந்தவர் மேலத்தெருவில் டின்னைக் கேட்டிருக்கிறார், வெறும் டின்தான் வந்திருக்கிறது. நாட்டாமையோடு அவர் பேசிக்கொண்டிருந்ததை ராமக்காள் ஈரச்சேலையோடு நின்று கேட்டாள்.

"ஒரு மாசத்து மருந்து. ரெண்டு கிணத்துக்கும் சேத்து. எங்க நாட்டாமை?"

"சனங்களுக்குப் பயம். கொஞ்சம் கூடப் போட்டுட்டோம்."

"கீழத்தெருவுக்கு?"

"அவுக வந்து கேக்கலையே" என்றார் விருமாண்டி. குரலில் கள்ளம் ஒன்றும் இல்லை. "கேட்டாக் குடுக்க மாட்டோமா?"

ராமக்காள் கிட்டத்தில் போனாள். இத்தனை கிட்டத்தில் நாட்டாமைக்கு முன்னால் அவள் என்றைக்கும் நின்றதில்லை. ஆனால் அவள் பார்த்தது நாட்டாமையை அல்ல.

"ஐயா" என்றாள் காதர்சாவிடம். "மூணு நாளைக்கு ஒருக்காப் போடணுமாமே. யாருகிட்டச் சொன்னீக?"

"நாட்டாமைகிட்டச் சொன்னேம்மா. ஊர்ப் பெரியவங்ககிட்டச் சொல்லிட்டுப் போறதுதான் வழக்கம்."

"கிணறு எங்களது. அதுல வாளியை எறக்குறப்ப நாங்க அம்புட்டுப் பேரும் சுத்தித்தான் நின்னோம். மொதல்ல குடிச்சுக் காட்டுனதும் நாந்தான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு ஏன்யா வாய் வரல?"

காதர்சா முப்பத்தேழு ஊரைச் சொல்லலாம். வெயிலைச் சொல்லலாம். ஆனால் அந்த மனுஷர் சைக்கிளிலிருந்து ஒரு சின்ன டின்னை அவிழ்த்து வந்தார். அடுத்த ஊருக்கு என்று வைத்திருந்தது. அதைத் தரையில் வைக்காமல், ராமக்காளின் கையிலேயே கொடுத்தார். வாளியில் எத்தனை பிடி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் தெளியவிட வேண்டும், எத்தனை தடவை மேலும் கீழும் இழுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டி, அவளையே செய்யச் சொல்லிப் பார்த்தார். விருமாண்டி மேலத்தெருப் பக்கம் நடந்துவிட்டார்.

"நாள் கணக்கு மறந்துறக் கூடாதும்மா. சுவத்துல கோடு கீடு போட்டு வச்சுக்க."

"இன்னைக்குத்தான் எம்மகளைப் பொதச்சேன். மூணாம் நாளு எனக்கு மறக்காதுய்யா" என்றாள் ராமக்காள்.

மூன்றாம் நாள் விடிந்தது. குழியில் பால் ஊற்றும் நாள். மருது செம்பில் பாலோடும் கையில் ஒரு பிடி பச்சரிசியோடும் வாசலில் நின்றான். ஊர்ச்சனம் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். ராமக்காளைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் கிணற்றடியில் குந்தி உட்கார்ந்து வாளியில் கரைத்துக்கொண்டிருந்தாள். கரைசல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"அத்தை, பாலூத்த நேரமாச்சு."

"இரு மாப்ள. கப்பி படியட்டும். இதை எறக்கிட்டு வாரேன்."

அவன் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். கூடியிருந்தவர்களும் வந்து நின்றார்கள். முனியாயியின் மருமகள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அவளைப் பார்த்துவிட்டு ராமக்காள், "இன்னும் ஒரு நாழிகை கழிச்சு மொண்டுக்க" என்றாள். தெளிந்ததை மாற்றினாள், கயிற்றைக் கட்டினாள், இறக்கினாள். மேலும் கீழுமாக இழுத்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது, எண்ணினாள். பதினைந்து முடிந்ததும் வாளியை மேலே எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, குடத்தில் மொண்டு மோந்து பார்த்தாள். வாடை மூக்கில் ஏறியது.

பிறகு எழுந்து எல்லோரோடும் நடந்தாள். குழிமேட்டில் மருது செம்பை அவள் கையில் கொடுத்தான். பால் ஊற்றும்போதும் அவள் கையில் மருந்து வாடைதான் அடித்தது.